லண்டன் பிரைட்டை வாளிக்குள் இறக்குவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தக்காளிச் செடி வாடுவது பற்றி ஒரு பதில் எழுதினேன். அதன் ஓரத்தில், என் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே இருபத்தொரு லீற்றர் பியர் நொதித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரியும் போட்டுவைத்தேன். தக்காளி பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சு விடவில்லை. வந்த கடிதம் எல்லாம் அந்த வாளியைப் பற்றித்தான். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அண்ணா, இருபது வருடமாக எனக்குப் பிடித்த பியர் லண்டன் பிரைட். கிறிஸ்மஸுக்கு மகள் ஒரு ஹோம்ப்ரூ கிட், அதாவது வீட்டில் பியர் செய்கிற பெட்டி, வாங்கித் தந்தாள். உள்ளே இருந்த மோல்ட் பாணி ரின்னில் ‘பிட்டர்’ என்று இருந்தது. பெட்டியில் சொன்னபடி ஒரு கிலோ சீனி போட்டு, 23 லீற்றர் வரை தண்ணீர் விட்டு, பத்தாம் நாள் போத்தலில் அடைத்தேன். பிரைட் வரும் என்று பார்த்தால் தண்ணியாக, அப்பிள் சாறு புளித்தது மாதிரி ஒன்று வந்திருக்கிறது. நாற்பது பைன்ட்! எங்கே பிழை விட்டேன்? — குறொய்டன் வாசகர்

பதில்: தம்பி, பாதிப் பிழை அந்தப் பெட்டியில் அச்சடித்திருக்கிற ஒரு கிலோ சீனியுடையது. மீதிப் பாதி அவசரத்துடையது.

சீனியை ஈஸ்ட் ஒரு துளி மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். பிறகு வாளியில் இருப்பது மதுசாரம் மட்டும்தான், நாக்கில் நிற்க ஒன்றும் இருக்காது. மோல்ட், அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி, அப்படியில்லை. அதில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய மாச்சத்துத் துண்டுகள் கொஞ்சம் கிடக்கும். கஞ்சியின் தடிப்பு எங்கிருந்து வருகிறதோ, பியரின் தடிப்பும் கிட்டத்தட்ட அங்கிருந்துதான். அந்த அப்பிள் வாசம் இளம் பியரின் வாசம். ஈஸ்ட் வழியில் உண்டாக்குகிற ஒரு பொருள் அது. நேரம் கொடுத்தால் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். பத்தாம் நாள் நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

உங்கள் நாற்பது பைன்ட்டையும் ஊற்றிவிடாதீர்கள். இன்னும் ஆறு கிழமை குளிரான இடத்தில் வையுங்கள். பிரைட் ஆகாது, ஆனால் குடிக்கலாம்.

இனி பிரைட்டுக்கு வருவோம். நான் முன்பு வான் ஓட்டிய காலத்தில் A4 வழியே விடியப்புறம் போவேன். ஹோகார்த் சுற்றுவட்டத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால் கண்ணாடியை இறக்குவேன். சில நாட்களில் சுடுதண்ணீரில் நெஸ்டமோல்ட் கரைத்த வாசம் காற்றில் நிற்கும். அதுதான் பிரைட் காய்ச்சுகிற ஃபுல்லர்ஸின் கிரிஃபின் ஆலை. மேற்கு லண்டன் சிசிக்கில் அந்த இடத்தில் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகப் பியர் காய்ச்சுகிறார்கள். ஃபுல்லர், ஸ்மித், ரேணர் மூவரும் கூட்டுச் சேர்ந்தது 1845இல். பப்புகளைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, காய்ச்சுகிற தொழிலை மட்டும் 2019இல் ஜப்பானின் அசாஹிக்கு விற்றுவிட்டார்கள்.

அவர்கள் பியர் செய்யும் முறையை நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வசனத்தில் விளங்கப்படுத்தலாம்: முதற்பால், இரண்டாம் பால். ஒரே மோல்ட்டை ஊறவைத்து முதலில் கெட்டியாக ஒரு சாறு எடுப்பார்கள். அதே சக்கைக்கு மேலும் சுடுதண்ணீர் விட்டு இலேசாக இன்னொன்று எடுப்பார்கள். தனித்தனியாகக் காய்ச்சி, வேறு வேறு அளவில் கலந்தால் ஒன்று ESB (பிரைட்டைவிடக் கெட்டியான பியர்), ஒன்று பிரைட், முன்பு இன்னொன்று சிசிக் பிட்டர். தேங்காய் ஒன்றுதான், சொதியும் கறியும் வேறு. இதில் உங்களுக்கு ஒரு இலாபம் உண்டு: பிரைட்டுக்குக் கை படிந்துவிட்டால், தண்ணீரைக் குறைத்து ESBக்குக் கிட்டப் போகலாம்.

உள்ளே போவது பெரிய இரகசியமும் இல்லை. வெளிர் மோல்ட், கொஞ்சம் கிறிஸ்டல் மோல்ட், ஆங்கிலேய ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ). கசப்புக்கு ரார்கெற், வாசத்துக்குச் சலஞ்சரும் நோர்த்டவுணும். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் வீட்டில் வருவதில்லை என்றால், ஈஸ்ட். கிட்டின் மூடிக்கடியில் ஒட்டியிருக்கும் ஐந்தாறு கிராம் பைக்கற் எத்தனை கோடை கடைத் தட்டில் இருந்ததோ தெரியாது. பிரைட்டில் நீங்கள் தேடுகிற அந்தத் தோடம்பழ மாமலேட் வாசம் ரின்னுக்குள் இல்லை, சிசிக் ஈஸ்ட்டுக்குள் இருக்கிறது. ரின்னை நம்பி எட்டு வாளி வீணாக்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

நான் இப்போது செய்வது இது. எந்தக் கம்பனியின் ‘பிட்டர்’ ரின் என்றாலும் பரவாயில்லை, 1.7 கிலோ. ஒரு கிலோ சீனிக்குப் பதில் ஒரு கிலோ வெளிர் மோல்ட் மா (மோல்ட்டை அரைத்த மா இல்லை, மோல்ட் சாற்றைக் காயவைத்த தூள்). 23 லீற்றர் வேண்டாம், 21 போதும்.

கிறிஸ்டல் மோல்ட் 200 கிராம் இடித்தது வாங்கி, புட்டுக்கு மா கட்டுகிற வெள்ளைத் துணியில் முடிந்து, மூன்று லீற்றர் தண்ணீரில் 65 முதல் 70 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிக்கவிடக் கூடாது, உமி கொதித்தால் காறும், நன்றாக ஊறிய தேயிலைச் சக்கையை மென்றதுபோல. தண்ணீர் செம்பு நிறமாகும்போது துணியை எடுத்துவிடுங்கள், பிழியாதீர்கள். (மனிசி பக்கத்தில் நின்றால் ‘இதைப் பிழியாமல் எறிகிறதா’ என்று கேட்பா. கேட்கட்டும்.) பிறகு அதில் இரண்டு கைப்பிடி மோல்ட் மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, சலஞ்சர் ஹொப்ஸ் 20 கிராம் போட்டுப் பத்து நிமிடம். அடுப்பை அணைத்ததும் கென்ட் கோல்டிங்ஸ் 20 கிராம் போட்டு மூடி இருபது நிமிடம். குசினி முழுக்க ஈரவைக்கோலும் தோடந்தோலும் கலந்த மணம் வரும். ரின்னை மட்டும் இதோடு சேர்த்துக் கொதிக்கவிட வேண்டாம். அதில் ஏற்கனவே ஹொப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள், கொதித்தால் இருக்கிற மணமும் ஆவியோடு போய்விடும். ரின்னைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் நிற்கவைத்தால் பாணி இளகி வழுக்கிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும் வாளியில் வடித்து, மீதி மாவையும் கரைத்து, குளிர்ந்த தண்ணீரால் 21 லீற்றருக்கு ஏற்றினால் ஹைட்ரோமீற்றர் (சாற்றில் எவ்வளவு சீனி கிடக்கிறது என்று மிதந்து காட்டுகிற கண்ணாடிக் குழாய்) 1.044 அளவில் நிற்க வேண்டும். முடியும்போது 1.012. இரண்டுக்கும் இடையிலுள்ளதை 131ஆல் பெருக்கினால் 4.2 வீதம் மதுசாரம். பப்பில் பீப்பாயிலிருந்து வரும் பிரைட் 4.1. என்னிடமிருக்கும் போத்தலின் லேபிளில் 4.7 என்று இருக்கிறது. போத்தல் ருசிதான் உங்கள் இலக்கு என்றால் இன்னும் இரண்டு லீற்றர் தண்ணீரைக் குறையுங்கள்.

ஈஸ்ட்டுக்கு மூன்று வழி. சுலபமானது, ஆங்கிலேய ஏல் ஈஸ்ட் என்று விற்கும் 11 கிராம் உலர் பைக்கற். நல்லது, வைட் லாப்ஸின் 002 அல்லது வையீஸ்ட்டின் 1968 என்ற திரவ ஈஸ்ட். இரண்டும் ஃபுல்லர்ஸ் பரம்பரை என்பதுதான் வீட்டில் காய்ச்சுகிறவர்களின் பேச்சு. விலை கொஞ்சம் உறுத்தும். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பிரைட் போத்தலில் உயிருள்ள ஈஸ்ட் கிடைக்காது. ஆனால் கம்பனியின் 150ஆம் ஆண்டுக்கு 1995இல் வந்த 1845 என்ற பியர், போத்தலுக்குள்ளேயே ஈஸ்ட்டோடு அடைபட்டது. அப்படி ஒரு போத்தல் உங்கள் கையில் அகப்பட்டால், இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றிக் குடித்துவிட்டு, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடுங்கள். இருபது கிராம் மோல்ட் மாவை 200 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, போத்தல் வாயை நெருப்பில் காட்டி அந்த அடிமண்டியை அதில் ஊற்றுங்கள். மேலே அலுமினியத் தாள். ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு நாள் இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் அடியில் சந்தனம் குழைத்த நிறத்தில் ஒரு படலம் விழுந்திருக்கும். முகர்ந்தால் பாண் வாசம் வர வேண்டும். புளிப்பு வாசம் வந்தால் ஊற்றிவிடுங்கள், கவலைப்படாதீர்கள். வாசம் சரியென்றால் இன்னொரு லீற்றர் மோல்ட் தண்ணீரில் பெருக்கிக்கொண்டு வாளிக்கு விடலாம்.

அடுத்தது சூடு. 18இலிருந்து 20 பாகை. அறையின் சூட்டைச் சொல்லவில்லை, வாளிக்குள் இருக்கும் சூட்டைச் சொல்கிறேன். நொதிக்கும்போது வாளி தானாகவே இரண்டு மூன்று பாகை ஏறும். பொயிலர் அலுமாரிக்குள் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சீக்கிரம் முடியும்தான், பிறகு வாழைப்பழ வாசமும் மறுநாள் தலையிடியும் வரும். எங்கள் வீட்டில் பெரிய பேசினில் தண்ணீர் விட்டு, வாளியை அதற்குள் நிறுத்தி, பழைய ரீசேட் ஒன்றைப் போர்த்து, நுனி தண்ணீரில் தொங்க விடுகிறேன். மண்பானை செய்கிற அதே வேலை. இரண்டு கிழமை வாளியில், இரண்டு கிழமை வீட்டுச் சூட்டில் போத்தலில், அப்புறம் இரண்டு கிழமை குளிரில். ஆறு கிழமைக்கு முன் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: என் வாளி 1.020இல் நின்றுவிட்டது. ஒரு கிழமையாக அசையவில்லை. குமிழியும் இல்லை. முடிந்துவிட்டது என்று போத்தலில் அடைக்கலாமா? — லெஸ்டர் வாசகர்

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

முதல் வருடம் நானும் 1.020இல் பொறுமை இழந்தேன். முப்பத்தெட்டுப் போத்தல் அடைத்து, போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி சீனியும் போட்டு, படிக்கட்டுக்குக் கீழே அடுக்கினேன். பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, மனிசி சுவாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தா. ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ‘டப், டப்’. நான் கதவைத் திறக்கப் போனேன், அவ சட்டையைப் பிடித்து இழுத்தா. அந்த இழுவைக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த நாள் காலையில் குளிர்கோட், கையுறை, வெல்டிங் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனால், பதினொரு போத்தல் துண்டு துண்டாக. ஒரு கண்ணாடித் துண்டு பலகைக் கதவில் குத்திக்கொண்டு நின்றது. மகனின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு தவணை முழுக்கப் பியர் மணத்தது. வகுப்பாசிரியை என்ன நினைத்தாவோ.

கணக்கு இதுதான். 500 மில்லி போத்தலுக்கு இரண்டு கிராம் சீனி போட்டால் ஆங்கிலேய ஏலுக்கு அளவான காற்று வரும். 1.020இல் நின்ற பியர் 1.012 வரை போக வேண்டியது என்றால், அந்த எட்டுப் புள்ளியில் ஒளிந்திருக்கும் சீனி, நீங்கள் போடுகிற சீனியைப் போல் நாலைந்து மடங்கு. ஈஸ்ட் செத்துப்போகவில்லை, தூங்குகிறது. போத்தலுக்குள் எழும்பினால் என்ன நடக்கும் என்று இப்போது தெரியும்.

பிரைட் வகை ஈஸ்ட்டுக்கு இந்தத் தூக்க வியாதி கொஞ்சம் அதிகம். அது திரிந்த பால் மாதிரித் திரண்டு சட்டென்று அடியில் விழுந்துவிடும். அதனால்தான் பியர் கண்ணாடி போலத் தெளிகிறது, அதனால்தான் பாதியில் வேலைநிறுத்தமும் செய்கிறது. வாளியை மூடியோடு மெதுவாகச் சுழற்றி அடியிலிருப்பதைக் கிளப்புங்கள், காற்று உள்ளே போகாமல். சூட்டை 21க்கு ஏற்றுங்கள். மூன்று நாளைக்கு ஒன்றும் நடக்காவிட்டால் ஒரு புது உலர் ஈஸ்ட் பைக்கற். அதற்கு முன் ஒரு சின்ன வேலை: ஹைட்ரோமீற்றரை வெறும் தண்ணீரில் 20 பாகையில் விட்டுப் பாருங்கள். 1.000 காட்ட வேண்டும். என்னுடைய ஒன்று 1.004 காட்டியது, உள்ளே இருந்த கடதாசி இடம் நகர்ந்திருந்தது. ரின் மோல்ட் சில நேரம் 1.014, 1.015 வரைதான் இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். எந்த எண்ணில் நின்றாலும், மூன்று நாள் அதே எண் என்றால்தான் போத்தல்.

கேள்வி: எல்லாம் சுத்தமாகத்தான் செய்தேன். ஆனால் பியரில் ஆஸ்பத்திரி வாசம், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் மாதிரி. ஏன்? — ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மோல்ட்டோடும் ஈஸ்ட்டோடும் சேர்ந்து செய்கிற வேலை அது. கம்டன் மாத்திரை என்று கேளுங்கள், வைன் செய்பவர்கள் பாவிப்பது. வாளித் தண்ணீருக்கு அரை மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கிப் போட்டுக் கலக்கி, சில நிமிடம் விட்டால் போதும். வாளி கழுவ பிளீச் பாவித்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். கழுவத் தேவையில்லாத கிருமிநாசினி ஹோம்ப்ரூ கடையில் உண்டு. லண்டன் தண்ணீரின் கல்லுத்தன்மைக்கு, கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே அதற்கு, கிட்டில் காய்ச்சுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. மோல்ட்டை நீங்களே ஊறவைத்துச் சாறெடுக்கத் தொடங்கும் நாளில் அது பெரிய பிரச்சினை. அன்றைக்குப் பார்ப்போம்.

கேள்வி: நாங்கள் சைவம். இவர் பப்புக்குப் போய் ‘பிரைட்’ குடிக்கிறார். பீப்பாய் பியரில் மீன் போடுவார்கள் என்று மகன் சொல்கிறான். உண்மையா? — வெம்பிளி வாசகி

பதில்: மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அம்மா. பீப்பாய் பியர் வடிகட்டாமல், சூடாக்காமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு பப்பின் நிலவறைக்கு வருகிறது. அங்கே ஓரிரு நாள் வைத்துத் தெளியவிட்டு, 11 முதல் 13 பாகை குளிரில் கைப்பம்பால் இழுத்துத் தருவார்கள். தெளிவதற்கு வழக்கமாகப் போடுவது ஐசிங்கிளாஸ். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கிற ஒரு பசை. ஈஸ்ட்டைக் கட்டிப்பிடித்து அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். கிளாசுக்குள் மிகச் சொற்பம்தான் வரும், ஆனாலும் விரதக்காரருக்கு அது கணக்குத்தானே. பீப்பாய்க்குப் பீப்பாய் வித்தியாசம் உண்டு, பப்பில் கேட்டால் சொல்வார்கள். இவர் வீட்டில் காய்ச்சினால் இந்தப் பிரச்சினையே இல்லை. மேலே சொன்ன ஈஸ்ட் தானாகவே விழும், மீன் தேவையில்லை. இப்படி எழுதியதற்காக அவர் எனக்கு ஒரு பைன்ட் கடன்.

கேள்வி: (அ) என் கடையில் நானே காய்ச்சிய பியரை நாலு பேருக்கு விற்கலாமா? — ரூட்டிங் வாசகர். (ஆ) ஊருக்குப் போகும்போது ஒரு கிட் கொண்டுபோய் அங்கே காய்ச்சலாமா? — இன்னொரு வாசகர், பெயரும் ஊரும் போட வேண்டாமாம்

பதில்: (அ) விற்கக் கூடாது. இந்த நாட்டில் 1880இலிருந்து வீட்டில் காய்ச்சுவதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை எடுத்துவிட்டார். உங்களுக்காக, வீட்டுக்காக எவ்வளவும் காய்ச்சலாம். ஒரு போத்தலுக்கு ஒரு பவுண்ட் வாங்கினாலும் வரி, பதிவு, அனுமதி எல்லாம் வந்து நிற்கும். கடை லைசன்ஸையும் சேர்த்துத் தொலைக்காதீர்கள். (ஆ) வேண்டாம். இலங்கையில் மதுவரிச் சட்டம், தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம், இரண்டு இடத்திலும் உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ‘காய்ச்சுவது’ என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் கசிப்பு ஞாபகம்தான் வரும். பியரை நாங்கள் வடித்திறக்குவதில்லை, நொதிக்க மட்டும்தான் விடுகிறோம் என்று பொலிசுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க முடியாது. வடித்திறக்குவது இங்கேயும் வீட்டில் செய்யக் கூடாத வேலை.

கேள்வி: இவர் பியர் எடுத்த பிறகு வாளிக்கு அடியில் நல்ல கெட்டி ஈஸ்ட் மிஞ்சுகிறது. எறிய மனம் வரவில்லை. அப்பத்துக்குப் போடலாமா? ஊரில் அம்மா கள்ளு விட்டுத்தான் புளிக்க வைப்பா. — ஹரோ வாசகி

பதில்: அக்கா, நான் செய்து பார்த்துவிட்டேன். அப்பம் பொங்கியது, கரை முறுகலாக வந்தது, நடுவில் பஞ்சு மாதிரி. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. ஹொப்ஸின் கசப்பு முழுவதும் அந்த மண்டியில்தான் ஒட்டியிருக்கிறது. மூன்று பிள்ளைகளும் ஒரு கடியோடு தட்டைத் தள்ளிவிட்டார்கள். நான் பால் விட்டு இரண்டு சாப்பிட்டேன், வீம்புக்கு.

கள்ளில் அந்தப் பிரச்சினை இல்லை, அதில் இருப்பது இனிப்புப் பதநீரும் ஈஸ்ட்டும்தான். ஊரில் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் மத்தியானத்துக்குள் கள். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் தானாக வந்து குடியேறிவிடும். உங்கள் வீட்டுக்காரரின் வாளிக்கும் அப்படித்தான் விருந்தாளி வரும், அதனால்தான் இவ்வளவு கழுவல் துடைப்பு. மண்டியைப் போத்தலில் எடுத்து, கொதித்தாறிய தண்ணீரில் மூன்று நாலு தடவை கழுவித் தெளியவிட்டால் கசப்பு குறையும். அதற்குப் பிறகும் அப்பத்தைவிடப் பாணுக்குத்தான் பொருந்தும். உண்மையில் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த வாளிக்குப் போடச் சொல்லுங்கள். திரவ ஈஸ்ட் விலைக்கு அதுதான் இலாபம்.

கேள்வி: எல்லாம் சரி. மறைக்காமல் சொல்லுங்கள், அசல் பிரைட்டும் உங்களுடையதும் ஒரே ருசியா? — ரெடிங் வாசகர்

பதில்: இல்லை. ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. போன வருடம் ஒரு சனிக்கிழமை, முப்பது வருடம் பிரைட் குடித்த என் மச்சானைக் கூப்பிட்டு இருத்தினேன். ஒரே அளவான மூன்று கிளாஸ், அடியில் மட்டும் எண் ஒட்டியது. ஒன்றில் பக்கத்துப் பப்பிலிருந்து மூடி போட்ட சாடியில் வாங்கி ஓடிவந்த பீப்பாய் பிரைட். ஒன்றில் கடைப் போத்தல். மற்றது என்னுடையது. மூன்றையும் 12 பாகைக்குக் கொண்டுவந்து வைத்தேன். குளிரைக் கூட்டினால் மூன்றும் ஒன்றுதான், சோதனைக்குப் பிரயோசனமில்லை.

பப் பியரை மச்சான் முகர்ந்தே பிடித்துவிட்டார். அதில் காற்று குறைவு, நுரை மெத்தென்று இருக்கும், மாமலேட் வாசம் கிளாசைத் தூக்கும்போதே வரும். அதை வீட்டுப் போத்தலால் தொட முடியாது, பீப்பாய் வேறு உலகம். மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் ஆள் திணறினார். இதைக் குடித்தார், அதைக் குடித்தார், ஒரு துண்டு கட்லட் கேட்டார், திரும்ப இதைக் குடித்தார். கடைசியில் என்னுடையதைத் தூக்கிக் காட்டி, “இதுதான் கடைப் போத்தல். ஆனால் கொஞ்சம் பழசு, கருகின சீனி மாதிரி ஒன்று பின்னால் வருகுது” என்றார்.

கடைப் போத்தல் என்று சொன்னதற்குச் சந்தோசப்பட்டேன். கருகின சீனிக்கு இரண்டு நாள் யோசித்தேன். கொப்பியைப் புரட்டினால் அந்த வாளிக்குக் கிறிஸ்டல் மோல்ட் 250 கிராம் போட்டிருக்கிறேன். குறொய்டன் தம்பிக்கு மேலே 200 என்று எழுதியது அதனால்தான். இப்போது படிக்கட்டுக்குக் கீழே இருப்பது 180. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.